அழிக்கச் சொன்ன படம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மகளிர் தினத்தன்று நடந்தது இது. ஊர் ஜெயங்கொண்டம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் நான் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக ஃபிளெக்ஸ் பேனர். டிசைன் மட்டும் நான் செய்வேன். கும்பகோணத்தில் பிரிண்ட் போட்டு, சுருட்டிக் கட்டி பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் எங்கள் பக்கத்தில் முகம் போட்டு ஒரு பேனர் நின்றாக வேண்டும். யார் வீட்டில் என்ன விசேஷம் என்று ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு, வாயும் கொஞ்சம் நீளம். “முந்திரிக் காட்டு ஊர்ல பொறந்ததுக்கு முந்திரிக்கொட்டையாவே இருக்க” என்பார் என் வீட்டுக்காரர்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வரும். பேனரின் வலது பக்கக் கீழ் மூலையில் டிசைன் செய்த கடையின் பெயரையும் செல் நம்பரையும் சின்னதாகப் போட்டுக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். அதுதான் எங்களுக்கு விளம்பரம். நான் அதோடு என் பெயரையும் சேர்த்துப் போடுவேன்.

கடைக்கு வாடிக்கையாக ஒரு அக்கா வருவார். அறுபதை ஒட்டிய வயது. வரதராசன்பேட்டைப் பக்கம் வீடு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வக்கீல் இல்லை, எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் புருஷனிடம் உதை வாங்கியவள், சாதியைச் சொல்லித் திட்டப்பட்டவர், தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்குப் பயந்து ஓடுகிற பிள்ளைகள் என்று யார் வந்து நின்றாலும் கூடப் போவார். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தால், அதற்கு ஒரு நம்பர் போட்டு, முத்திரை குத்தி ரசீது தர வேண்டும். நிறையப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களுக்கும் கேட்கப் பயம். இவர் அந்த ரசீது கைக்கு வரும்வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார். சத்தம் போட மாட்டார், சண்டை பிடிக்க மாட்டார். உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். ‘ரசீது அக்கா’ என்றால்தான் ஊரில் தெரியும். ஒரு தடவை பெரிய இடத்து ஆள் ஒருவர் இவரை நடுரோட்டில் மறித்து மிரட்டினாராம். அந்த ஆள் மேலேயே மனு எழுதிக் கொடுத்து அதற்கும் ஒரு ரசீது வாங்கிக்கொண்டு வந்தார் என்பார்கள்.

உண்மையைச் சொல்வதென்றால் அப்போது எனக்கு அவர் மேல் மரியாதையைவிட எரிச்சல்தான் அதிகம். எந்தத் தாளை நகல் எடுத்துக் கொடுத்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். “முத்திர சரியா வுழல பாரும்மா, இன்னொன்னு எடு” என்பார். கடையில் பத்துப் பேர் நிற்கும்போது இப்படிச் செய்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

மகளிர் தினத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். நர்சிங் படித்தவள். சர்ட்டிபிகேட்டுகளையும் வேலைக்கான ஆர்டரையும் ஸ்கேன் செய்து நகல் எடுக்க வேண்டும். “பெரம்பலூர்ல ஆஸ்பத்திரில வேல கெடைச்சிருக்குக்கா” என்று சந்தோஷம் தாங்காமல் என்னிடம் சொன்னாள். அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். உடனே வாயை மூடிக்கொண்டாள். துப்பட்டாவைத் தலையில் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு என் கையில் புதுப் போன். எதைப் பார்த்தாலும் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரம். அந்தப் பெண் காதில் ஏதோ சொல்ல, அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். “அக்கா, இங்க பாருங்க” என்று ஒரு படம் எடுத்துவிட்டேன். அவர் தோளுக்குப் பின்னால் அந்தப் பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள்.

“அழிச்சிரும்மா” என்றார் அக்கா.

“நல்லா வந்துருக்குங்கக்கா.”

“நல்லா வந்தா வரட்டும். அழிச்சிரு.”

அதற்குள் வேறொருவர் ஆதார் கார்டை நீட்டினார். அவரைக் கவனித்துக்கொண்டே, “அழிச்சிட்டேங்கக்கா” என்றேன். அழிக்கவில்லை. அழிக்கக் கூடாது என்று திட்டமெல்லாம் இல்லை. என்ன பெரிய விஷயம் என்கிற அலட்சியம்தான்.

அந்த வருடம் எங்கள் தெருக் கடைக்காரர்களும் மகளிர் குழுக்களும் சேர்ந்து மகளிர் தினம் கொண்டாடினோம். துணிச்சலான ஒரு பெண்ணை மேடையில் வைத்துக் கௌரவிப்பது என்று முடிவானது. குழுத் தலைவிதான் அக்காவின் பேரைச் சொன்னார். அவரே நேரில் போய் அழைத்துவிட்டும் வந்தார். “வரேன்னுட்டாங்க. ஆனா பொன்னாட வேணாமாம், படம் போடக் கூடாதாம். ரசீது கேட்டு வாங்குறதப் பத்திப் பொம்பளைங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பேசணுமாம். பாவம், ரொம்பக் கூச்சப்படுறாங்க” என்றார்.

எங்கள் ஊரில் யாராவது ‘வேண்டாம்’ என்றால் நாங்கள் விடுகிற ஆட்கள் இல்லை. பந்தியில் உட்கார்ந்தவர் இலைக்கு மேல் கையை விரித்துப் ‘போதும் போதும்’ என்றால், விரல் இடுக்கிலேயே இன்னொரு கரண்டி ஊற்றினால்தான் உபசாரம். பொன்னாடை வேண்டாம் என்பவருக்கு இரண்டாகப் போர்த்துவோம். அதனால் அக்கா சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “பேனர நான் பாத்துக்கறேன், என் அன்பளிப்பு” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

படம்தான் என் போனில் இருக்கிறதே! பத்தடிக்கு எட்டடி. ‘அஞ்சாத அக்காவுக்கு எங்கள் வணக்கம்’ என்று பெரிய எழுத்தில் போட்டேன். அக்காவை மட்டும் வெட்டி எடுத்து வைத்தால் மொட்டையாகத் தெரிந்தது. பின்னால் இருந்த பெண்ணை லேசாக மங்க வைத்து அப்படியே விட்டேன். அவரை நம்பி நிற்கிற பெண்கள் என்று ஓர் அர்த்தம் வருகிறதே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பத்தடிப் பேனரில் மங்கிய முகமே ஒரு முழத்துக்கு இருந்தது. மூலையில் என் பெயர், கடைப் பெயர், செல் நம்பர். விழாவுக்கு முந்தின நாள் மாலையே ரீப்பர் கட்டைச் சட்டத்தில் அடித்து, பஸ் ஸ்டாண்டு எதிரில் தெரிந்தவர் சுவரில் கட்டியாகிவிட்டது. அந்தச் சுவரைப் பார்க்காமல் எந்த ஊர் பஸ்ஸும் திரும்ப முடியாது.

மறுநாள் காலை ஒன்பதரை மணி இருக்கும். இரண்டு பேர் ஒரு பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருவர் ஐம்பது வயதுக்காரர், வெள்ளை வேட்டி. இன்னொருவன் இருபத்தைந்து வயதுப் பையன். அவன் போனில் என் பேனரின் படம் இருந்தது. மூலையிலிருந்த கடைப் பெயரைப் பார்த்துத்தான் வந்திருந்தார்கள். எனக்கு வாயெல்லாம் பல். ஆர்டர் வந்திருக்கிறது என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

“இந்தப் பின்னாடி நிக்கிற புள்ள, எங்க சொந்தக்காரப் புள்ள மாதிரி இருக்கு தங்கச்சி” என்றார் பெரியவர்.

“அப்படிங்களா! போன வாரம்தாங்க வந்துச்சு. சர்ட்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்க. பெரம்பலூர்ல ஏதோ ஆஸ்பத்திரில வேல கெடைச்சிருக்காம்.”

அவர் போனை வாங்கி, விரலால் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “எளைச்சுப் போயிருக்கு” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பையன் மட்டும் உட்காரவே இல்லை.

“எந்த ஆஸ்பத்திரின்னு தெரியுமா?” என்றான்.

“தெரியலைங்களே.”

“ஜெராக்ஸ் எடுத்தேன்னீங்க. வேலைக்கான ஆர்டர்ல பேரு இருந்திருக்கும்ல. கம்ப்யூட்டர்ல இருக்கான்னு பாருங்க.”

இருந்தது. ஸ்கேன் செய்ததெல்லாம் ஒரு ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். என் கை மவுஸ் மேல் போய்விட்டது. அப்போது அவன் பெரியவரிடம் திரும்பி, மெதுவாகத்தான் சொன்னான், “பேரு மட்டும் கெடைக்கட்டும் பெரியப்பா, இன்னிக்கே முடிச்சிரலாம்.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். துப்பட்டா, தெருவுக்குக் காட்டிய முதுகு, அக்காவின் பார்வை, ‘அழிச்சிரு’ என்றது, எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, “ஜெராக்ஸ் மிஷின்ல எதுவும் நிக்காதுங்க, அப்பப்ப போயிரும்” என்றேன். பையன் என்னையே பார்த்தான். பிறகு கடைப் போர்டை ஒரு படம் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

வண்டி திரும்பும்போது பெட்ரோல் டேங்கில் இருந்த ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. இறக்கை வைத்த எழுத்தில் ஒரு பட்டப்பெயர். எனக்கு மனிதர்கள் முகம் மறந்துபோகும், நான் வெட்டிய எழுத்து மறக்காது. பொங்கலுக்கு நான்தான் வெட்டிக் கொடுத்தேன். அவன் பெயர், ஊர், நம்பர் எல்லாம் என் வாட்ஸ்அப்பில் இருந்தது. உடையார்பாளையம் போகிற வழியில் ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர்கள்தான் என் கடைக்கு அதிக ஆர்டர் கொடுப்பவர்கள். திருவிழா என்றால் ஒரே நேரத்தில் இருபது பேனர் சொல்வார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். படம், பேனர், வந்த ஆட்கள் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பெரம்பலூர்னு சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேங்கக்கா.”

“ஆஸ்பத்திரி பேரு?”

“சொல்லல. சத்தியமா சொல்லல.”

“சரி. பேனர எறக்கு. நான் வரேன்.”

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு ஓடினேன். ஸ்டூல் மேல் ஏறி, கட்டுக் கம்பியைப் பிடுங்கி, பேனரை இழுத்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். குழுத் தலைவி எங்கிருந்தோ ஓடி வந்து, “ஐயய்யோ, சாயங்காலம் ஃபங்ஷன வச்சிக்கிட்டு என்னடி இது, பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?” என்று கத்தினார். முகம் உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, கடைக்குள் கொண்டுவந்து போட்டேன்.

அக்கா பதினொரு மணி பஸ்ஸில் வந்தார். கையில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். விழாவுக்கு உடுத்த வைத்திருந்ததோ என்னவோ, இஸ்திரி போட்ட காட்டன் சேலை கட்டியிருந்தார். அந்தப் பெண் வேலையில் சேர்ந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. அவள் புருஷனுக்கு அக்கா போன் செய்ய, அவன் போய் டூட்டியில் இருந்தவளை அப்படியே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டானாம். அவர்கள் கல்யாணம் பதிவாகி நான்கு மாதம். அவன் வேறு சாதி. பெண் வீட்டார் அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவையும் அக்கா இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

“எங்க போயிருக்காங்கக்கா?” என்று கேட்டேன்.

“ஒனக்கு எதுக்கு?” என்றார்.

சுருக்கென்றது. ஆனால் அவர் கோபமாகச் சொல்லவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். “கெளம்பு, அரியலூர் போயிட்டு வருவோம். வந்தவனுங்க கேட்டத நீதான சொல்லணும்.”

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுக்க மாவட்டத் தலைநகரில் காவல் துறையில் தனிப் பிரிவு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் அக்கா. வழி நெடுகக் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை.

“அக்கா, அன்னிக்கு நான் படத்த அழிக்கல” என்றேன்.

“தெரியும்.”

“எப்படிங்கக்கா?”

“பத்தடிக்குப் பேனரே வச்சிருக்க, அப்பறம் எப்படின்னு கேக்கற.”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. அவர் சிரிக்கவில்லை. பஸ் குலுங்கிக்கொண்டே போனது. அந்தப் பையனை எனக்குத் தெரியும் என்பதை மட்டும் நான் அப்போதும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரும், கடை ஞாபகம் வரும், வாயை மூடிக்கொள்வேன். பேச்சுக்குப் பெயர் போனவள் அன்றைக்கு ஒரு மணி நேரம் ஊமையாக இருந்தேன்.

அரியலூரில் அந்த அலுவலகத்துக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. அதிகாரி ஒரு மகளிர் தின விழாவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ஃபைல் மேல் தாளை வைத்து மனு எழுத ஆரம்பித்தார். உருண்டை உருண்டையாக, பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி எழுத்து. நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘இன்று காலை சுமார் ஒன்பதரை மணிக்கு அடையாளம் தெரியாத இரண்டு நபர்கள்’ என்று எழுதினார்.

‘அடையாளம் தெரியாத’. அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. அது அப்படியே தாளில் நின்றால் அவன் நாளைக்கும் பெரம்பலூரில் தேடுவான். ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் போய் நிற்பான். அவனைத் தடுக்க ஒரே வழி என் போனுக்குள் இருக்கிறது.

“அக்கா, அடையாளம் தெரியும்” என்றேன்.

பேனா நின்றது. வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினேன். பெயர், ஊர், நம்பர், ஸ்டிக்கரின் படம், எல்லாம் இருந்தது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினார். கடைசியில் ‘சாட்சி’ என்று எழுதி, என் பக்கம் நீட்டினார்.

“பேரு, விலாசம், நம்பரு, கையெழுத்து. நல்லா யோசிச்சுப் போடு. போடலன்னா நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். அவன் பேர மட்டும் எழுதிக் குடுத்துர்றேன்.”

தள்ளிப் போய் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிறவர், அங்கிருந்து பக்கம்தான். விஷயத்தைக் கேட்டதும், “ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா? கையெழுத்துக் கிய்யெழுத்துப் போட்டுத் தொலைக்காத. நாளைக்கு எவன் கடைக்கு வருவான்?” என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து பேனாவைக் கையில் வாங்கினேன். முனையைத் தாளில் வைத்துவிட்டு எழுதாமல் நின்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. எத்தனை காதுகுத்து, எத்தனை கல்யாணம், எவனெவன் பிறந்தநாள்! ஒவ்வொன்றின் மூலையிலும் கேட்காமலேயே என் பேரைப் போட்டுக்கொண்டவள் நான். ஊரே பார்க்கட்டும் என்று நம்பரோடு போட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தையும் யாரையும் கேட்காமல் ஊர் நடுவில் மாட்டினேன். என் பேரைப் போட வேண்டிய இடம் ஒன்று வந்தபோது மட்டும் எனக்கு யோசனை வருகிறது. போட்டுவிட்டேன். முழுப் பெயர், கடை விலாசம், செல் நம்பர்.

மனுவை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். “நீங்க போங்கம்மா, சார் வந்ததும் பாத்துட்டுக் கூப்புடுறோம்” என்றார் அங்கே இருந்தவர், மரியாதையாகத்தான். “ரசீது வாங்கிட்டுப் போறோங்க சார்” என்றார் அக்கா, அதைவிட மரியாதையாக. உட்கார்ந்தோம். ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது, மூன்றும் ஆனது. இந்த அம்மா ஒரு ஜெராக்ஸுக்கு என்னை ஐந்து நிமிடம் அதிகமாக நிற்க வைத்துவிட்டார் என்று நான் எத்தனை தடவை சலித்துக்கொண்டிருப்பேன்! எனக்கு முதுகு வலித்தது. அவர் அசையவே இல்லை.

நான்கு மணிக்கு மேல் குழுத் தலைவி கூப்பிட்டார். கூட்டம் கூடிவிட்டதாம், மேடையில் நாற்காலி காலியாகக் கிடக்கிறதாம், அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா போனை வாங்கினார். “நான் வர முடியாதும்மா, இங்க ஒரு வேலையா ஒக்காந்திருக்கேன்” என்றார். என்ன தோன்றியதோ, “மைக்கு இருக்கா? அதுகிட்ட போன வை” என்றார். பிறகு ஒரே மூச்சில் பேசினார்.

“எல்லாருக்கும் வணக்கங்க. ஸ்டேஷனுக்குப் போனா மனு குடுத்துட்டு அப்படியே எந்திரிச்சு வந்துராதீங்க. ரசீது கேளுங்க. நம்பரு, தேதி, முத்திர மூனும் இருக்கான்னு பாருங்க. தனியாப் போவாதீங்க, பக்கத்து வூட்டுக்காரவங்களையாவது கூட்டிட்டுப் போங்க. அவ்வளவுதான், வச்சிர்றேன்.”

கைதட்டல் கேட்டது. அவர் அதற்குள் போனை என்னிடம் நீட்டிவிட்டார். அதிகாரி வந்து, மனுவைப் படித்து, என்னை இரண்டு மூன்று கேள்வி கேட்டு, ரசீது கைக்கு வந்தபோது நான்கரை மணி தாண்டிவிட்டது. அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தார். இந்தத் தடவை எனக்கு எரிச்சல் வரவில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போனை எடுத்து, அவர் பார்க்கிற மாதிரி அந்தப் படத்தை அழித்தேன். “குப்பத்தொட்டிலயும் போயி அழி” என்றார். அழித்தேன். மறுநாள் கடைக்குப் போனதும் முதல் வேலையாக ஸ்கேன் ஃபோல்டரைக் காலி செய்தேன். பேனரைத் துண்டு துண்டாக வெட்டினேன்.

பையனையும் பெண் வீட்டாரையும் போலீஸில் அழைத்து விசாரித்து, எந்தத் தொந்தரவும் செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் சந்தோஷம் தாங்காமல் என்னிடம் சொன்ன அந்த வேலை மூன்று நாளோடு போய்விட்டது. வேறு ஊர், வேறு வாடகை வீடு, மறுபடி வேலை தேடல். அது என்னால் வந்தது. அதை வேறு எப்படியும் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தக் கிராமத்திலிருந்து எனக்கு ஒரு வருடத்துக்கு ஒரு பேனர்கூட ஆர்டர் வரவில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஏணியோடு வந்து கடை வாசலில் ஒரு கேமரா மாட்டிவிட்டு, “இதாவது இருக்கட்டும்” என்றார்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அந்தப் பெரியவர் தனியாக வந்தார். பஸ்ஸில்தான் வந்திருந்தார். நிமிர்ந்து வாசல் கேமராவைப் பார்த்துக்கொண்டேன். அவர் வாசலிலேயே நின்றார்.

“அந்தப் படம் இருக்கா தங்கச்சி? எம் பொண்ணு படம். வூட்ல இருந்ததெல்லாம் கோவத்துல கிழிச்சிப் போட்டுட்டோம்” என்றார்.

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். ஒரு முறை அதே வார்த்தையைப் பொய்யாகச் சொன்னவள், இப்போது அது நிஜமாகிவிட்டதே என்று வருத்தப்படவும் வேண்டியிருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே போகத் திரும்பினார். அவரை நிறுத்தி உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் அக்காவுக்குப் போன் செய்தேன். “பாவமா இருக்குங்கக்கா. பொண்ணு நம்பரு குடுத்துரலாமா?” என்றேன். பாருங்கள், எட்டு மாதம் ஆகியும் என் புத்தி எங்கே போகிறது என்று.

“அவரு நம்பர எழுதி வாங்கிக்க. அந்தப் புள்ளைகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார் அக்கா.

ஒரு வாரம் கழித்து, எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டாம், அப்பாவோடு மட்டும் பேசுகிறேன் என்று அந்தப் பெண் சொன்னாளாம். அக்காவின் போனிலிருந்து பேசினாள். என்ன பேசினார்கள் என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் ஒரு விஷயத்தைக் கேட்காமல் இருந்தேன் என்றால் என் வீட்டுக்காரரே நம்ப மாட்டார்.

அந்தப் பொன்னாடை கவர் பிரிக்காமல் இன்னும் குழுத் தலைவி வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் கூப்பிடுகிறோம், அக்கா வேண்டாம் என்கிறார். நாங்களும் இப்போது அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை. கடையில் யாராவது பத்துப் பேர் நிற்கிற படத்தைக் கொடுத்துப் பேனர் கேட்டால், “இவங்க எல்லார்கிட்டயும் கேட்டாச்சுங்களா?” என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் முறைத்துவிட்டு வேறு கடைக்குப் போகிறார்கள், போகட்டும். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அன்றைய மனுவின் நகலில் ‘சாட்சி’ பகுதியை மட்டும் வெட்டிய துண்டு ஒன்று இருக்கிறது. இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ மூலைகளில் என் பெயரைப் போட்டிருந்தாலும், யோசித்து யோசித்து அந்தத் தாளில் நான் எழுதிய பெயரைப் பார்க்கும்போதுதான் அது என்னுடையது என்று எனக்குத் தோன்றுகிறது.